சகோதரர்களுக்குக் கிடைக்காத மருந்து

புற்று நோய்க்கு வழி கண்ட டாக்டர் சுப்பாராவின் வாழ்க்கை

விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே உள்ள ஊர் வானூர். சுற்றிலும் சிறு சிறு கிராமங்கள்.

அந்தக் கிராமங்களில் ஒரு பெண் கருவுற்றால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவளுக்குச் சிவப்பு நிற மாத்திரை கொடுக்கிறார்கள். இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை அது. தாய்க்கு இரத்தம் ஊறவும், வயிற்றில் இருக்கும் குழந்தை நன்றாக வளரவும் அது உதவுகிறது.

யானைக்கால் நோயை ஒழிப்பதற்காகச் சுகாதார ஊழியர்கள் ஆண்டுக்கு ஒரு முறை வீடு வீடாக வந்து மாத்திரை கொடுத்த காலமும் உண்டு. கண் எதிரே விழுங்கச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போவார்கள்.

குழந்தைக்கு இரத்தப் புற்று நோய் என்று தெரிந்தால், பெற்றோர் பதறிக்கொண்டு புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கோ, சென்னைக்கோ பஸ் ஏறுகிறார்கள். அங்கே கொடுக்கப்படும் மருந்துகளில் ஒன்று மஞ்சள் நிறத்தில் இருக்கும். அதன் பெயர் மெத்தோடிரெக்சேட்.

மூன்று மருந்துகள். மூன்று நோய்கள். இந்த மூன்று மருந்துகளுக்கும் பின்னால் இருப்பவர் ஒரே மனிதர்.

அவர் சென்னையில் படித்தவர். கதர் உடுத்தியதால் டாக்டர் பட்டத்தை இழந்தவர். அமெரிக்காவில் ஆஸ்பத்திரி வேலைக்காரராக இருந்து, விஞ்ஞானியாக உயர்ந்தவர்.

அவர்தான் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

காசிக்கு ஓடிய சிறுவன்

பழைய சென்னை ராஜதானியில் பீமவரம் என்று ஓர் ஊர். இப்போது அது ஆந்திரப் பிரதேசத்தில் இருக்கிறது. அங்கே 1895-ம் ஆண்டு ஜனவரி மாதம் 12-ந் தேதி சுப்பாராவ் பிறந்தார். தந்தை பெயர் ஜகந்நாதம். தாயார் வெங்கம்மா.

குடும்பம் பெரியது. வருமானம் சிறியது. உடன் பிறந்தவர்களோடு சேர்த்து வீட்டில் ஏழு குழந்தைகள்.

சிறுவன் சுப்பாராவுக்குப் படிப்பில் மனம் செல்லவில்லை. எப்படியாவது பணம் சம்பாதித்து, வீட்டுக் கஷ்டத்தைப் போக்கவேண்டும் என்று நினைத்தான். காசிக்கு ஏராளமான யாத்திரிகர்கள் வருகிறார்கள். அவர்களிடம் வாழைப்பழம் விற்றால் பணக்காரன் ஆகிவிடலாம் என்று கணக்குப் போட்டான். ஒரு நாள் வீட்டில் சொல்லாமல் புறப்பட்டுவிட்டான்!

பாதி வழியிலேயே அவனைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

வெங்கம்மா உறுதியான பெண்மணி. மகன் படித்தே தீரவேண்டும் என்றார். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். ஆனால் மெட்ரிகுலேஷன் தேர்வில் சுப்பாராவ் தோற்றார். மறுபடியும் எழுதினார். மறுபடியும் தோல்வி!

இதற்கிடையே, இளமையிலேயே தந்தையை இழந்தார். குடும்பப் பாரம் முழுவதும் தாயார் தலையில் விழுந்தது. அப்போதும் அவர் மகனுடைய படிப்பை நிறுத்தவில்லை.

சென்னைக்கு வந்த சுப்பாராவ், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். மூன்றாவது தடவை தேர்வு எழுதினார். இந்த முறை வெற்றி பெற்றார்.

துறவியா? டாக்டரா?

பிறகு சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். கணிதத்தில் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கினார்.

ஆனால் அவருடைய மனம் வேறு பக்கம் சென்றது. ராமகிருஷ்ண மடத்தின் தொண்டு அவரைக் கவர்ந்தது. உலக வாழ்க்கையைத் துறந்து, சந்நியாசி ஆகிவிட விரும்பினார்.

துறவியாக வேண்டுமானால், தாயாரின் சம்மதம் வேண்டும். வெங்கம்மா சம்மதம் தரவில்லை.

மருத்துவம் படித்தால் ஏழை எளியவர்களுக்குத் தொண்டு செய்யலாம் என்று மடத்தில் உள்ளவர்கள் யோசனை கூறினார்கள். சுப்பாராவ் அதை ஏற்றார். சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

படிப்புச் செலவுக்கு நண்பர்கள் உதவினார்கள். கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி என்பவரும் உதவி செய்தார். அவருடைய மகள் சேஷகிரியை 1919-ம் ஆண்டு சுப்பாராவ் மணந்துகொண்டார்.

கதர் உடை

அது சுதந்திரப் போராட்டக் காலம். அன்னியத் துணியை விலக்கிக் கதர் உடுத்தும்படி காந்தி அடிகள் நாட்டு மக்களுக்கு அழைப்பு விடுத்தார்.

சுப்பாராவ் அந்த அழைப்பை ஏற்றார். சட்டை, வேட்டியோடு அவர் நிற்கவில்லை. அறுவைச் சிகிச்சை செய்யும் அறையில் அணியும் மேலங்கியையும் கதரிலேயே தைத்துப் போட்டுக்கொண்டார்!

அறுவைச் சிகிச்சைப் பேராசிரியராக இருந்தவர் பிராட்பீல்டு என்ற வெள்ளைக்காரர். அவருக்கு இது பிடிக்கவில்லை. கோபம் கொண்டார்.

அதன் பலன் தேர்வின்போது தெரிந்தது. எழுத்துத் தேர்வுகளை சுப்பாராவ் நன்றாக எழுதியிருந்தார். என்றாலும் அவருக்கு எம்.பி.,பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதற்குக் கீழ்ப்பட்ட எல்.எம்.எஸ். என்ற சான்றுதான் கிடைத்தது. இது 1921-ம் ஆண்டில் நடந்தது.

சென்னை சர்க்காரின் மருத்துவத் துறையில் வேலைக்கு முயன்றார். இடம் கிடைக்கவில்லை.

கடைசியில், டாக்டர் லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பிக்கும் ஆசிரியரானார்.

இரண்டு சாவுகள்

இந்தக் காலத்தை ஒட்டி, அவருடைய குடும்பத்தில் பெரும் துயரம் நேர்ந்தது. அவருடைய சகோதரர்கள் இரண்டு பேர், ஒருவர் பின் ஒருவராக இறந்துபோனார்கள். இருவரையும் கொண்டுபோனது ஒரே நோய்.

அதன் பெயர் ஸ்புரூ. குடலைப் பற்றும் நோய் அது. சாப்பிட்ட சாப்பாடு உடம்பில் ஒட்டாது. ஓயாமல் வயிறு போகும். நாக்கு புண்ணாகும். இரத்தம் சுண்டும். எலும்பும் தோலுமாகி, மனிதன் கண் எதிரே கரைந்து போவான். கிராமத்து வைத்தியர்கள் கிராணி என்று சொல்லும் நோய்க்கும் இதற்கும் ஒற்றுமை உண்டு.

சுப்பாராவையும் அந்த நோய் தாக்கியது. டாக்டர் லட்சுமிபதியின் ஆயுர்வேத சிகிச்சையால் அவர் பிழைத்துக்கொண்டார்.

தான் ஒரு டாக்டராக இருந்தும், கூடப் பிறந்தவர்களைக் காப்பாற்ற முடியவில்லையே என்ற வேதனை அவரை விடவில்லை. இந்த நோய்க்குக் காரணம் என்ன? உடம்பில் எது குறைந்ததால் இரத்தம் சுண்டுகிறது? இந்தக் கேள்விகளுக்கு விடை அன்றைய மருத்துவப் புத்தகங்களில் இல்லை.

விடை காணவேண்டுமானால் ஆராய்ச்சி செய்யவேண்டும். அதற்கு வேண்டிய வசதி அப்போது இங்கே இல்லை. சென்னைக்கு வந்திருந்த அமெரிக்க டாக்டர் ஒருவரைத் தற்செயலாகச் சந்தித்துப் பேசிய பிறகு, அமெரிக்கா செல்வது என்று முடிவு செய்தார்.

ஆஸ்பத்திரி வேலைக்காரர்

பயணத்துக்குப் பணம் வேண்டுமே! மாமனார் பாடுபட்டுப் பணம் திரட்டினார். சத்தியலிங்க நாயக்கர் தர்ம நிதியும் உதவ முன்வந்தது.

இளம் மனைவியிடம் விடைபெற்றுக்கொண்டு, 1920-களின் தொடக்கத்தில் சுப்பாராவ் கப்பல் ஏறினார். அதன் பிறகு அவர் இந்தியாவுக்குத் திரும்பவே இல்லை.

பாஸ்டன் நகரில் உள்ள ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், வெப்ப நாடுகளின் நோய்களைப் பற்றிய படிப்பில் சேர்ந்தார். உதவிச் சம்பளம் கிடைக்கவில்லை. சாப்பாட்டுக்கு வழி வேண்டும். ஆகவே ஓர் ஆஸ்பத்திரியில் இரவு நேர வேலைக்காரராகச் சேர்ந்தார்.

நோயாளிகளின் மலச் சட்டியைக் கழுவவேண்டும். படுக்கை விரிப்பை மாற்றவேண்டும். இரவெல்லாம் இந்த வேலை. பொழுது விடிந்ததும் படிப்பு.

சென்னையில் டாக்டராகத் தேறியவர், அங்கே இப்படிப் பிழைத்தார். அதை இழிவாக அவர் நினைக்கவில்லை. படிப்பை முடித்து டிப்ளமோ பெற்றார்.

பிறகு ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில், உடம்பில் நடக்கும் ரசாயன மாறுதல்களை ஆராயும் பிரிவில் சேர்ந்தார். அங்கே பேராசிரியர் சைரஸ் பிஸ்கி என்பவருடன் வேலை செய்தார்.

உடம்பு எப்படி உழைக்கிறது?

மனிதனுடைய இரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் என்ற பொருள் உண்டு. அது எவ்வளவு இருக்கிறது என்று துல்லியமாக அளப்பது அந்த நாளில் பெரும்பாடாக இருந்தது. பிஸ்கியும் சுப்பாராவும் அதற்கு எளிய முறை ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். திரவத்தில் தோன்றும் நீல நிறத்தின் ஆழத்தைப் பார்த்து அளவைச் சொல்லும் முறை அது. 1925-ம் ஆண்டு அது வெளியாயிற்று.

பிஸ்கி - சுப்பாராவ் முறை என்றே அதற்குப் பெயர். உலகெங்கும் ரசாயனம் படித்த மாணவர்கள் அதைச் செய்து பழகினார்கள்.

அந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, இருவரும் தசைகளை ஆராய்ந்தார்கள். 1929-ம் ஆண்டில் ஏ.டி.பி. என்ற பொருளைக் கண்டார்கள். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமன் என்ற விஞ்ஞானியும் தனியாக அதைக் கண்டுபிடித்தார்.

ஏ.டி.பி. என்றால் என்ன?

நாம் சோறு சாப்பிடுகிறோம். அந்தச் சோற்றின் சக்தி நேராகக் கைக்கும் காலுக்கும் போய்விடுவது இல்லை. உடம்பு அதைச் சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டி வைத்துக்கொள்கிறது. ஏர் பிடிக்கும்போதும், நடக்கும்போதும், கண் இமைக்கும்போதும் ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்துச் செலவு செய்கிறது. அந்தப் பொட்டலம்தான் ஏ.டி.பி. மனிதன், மாடு, புல், பூண்டு எல்லாவற்றிலும் அது இருக்கிறது.

1930-ம் ஆண்டு சுப்பாராவ், பி.எச்டி. பட்டம் பெற்றார். சென்னை மறுத்த டாக்டர் பட்டத்தை, வேறு ஒரு வழியில் ஹார்வர்டு கொடுத்தது.

ஆனால் நிரந்தரமான பதவி அங்கே அவருக்குக் கிடைக்கவில்லை. 1940-ம் ஆண்டு ஹார்வர்டை விட்டார். நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்ற ஊரில் இருந்த லெடர்லி மருந்துக் கம்பெனியில் சேர்ந்தார். இரண்டு ஆண்டுகளில் அதன் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைவரானார்.

கீரையில் இருந்த சத்து

இனிதான், சகோதரர்களைக் கொன்ற நோய்க்கு விடை தேடும் வேலை முழு வேகத்தில் நடந்தது.

இந்தத் தேடலுக்கு முதல் தடயம் கிடைத்தது இந்தியாவில்! லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் டாக்டர், 1928-ம் ஆண்டு பம்பாய்க்கு வந்திருந்தார். துணி ஆலைகளில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகள் பலர் இரத்தம் சுண்டி இறந்தார்கள். ஈஸ்ட்டில் இருந்து எடுத்த ஒரு சத்தைக் கொடுத்தபோது அவர்கள் தேறினார்கள். ஈஸ்ட்டில் ஏதோ ஒன்று இருக்கிறது என்று தெரிந்தது. அது என்ன என்பதுதான் தெரியவில்லை.

1941-ம் ஆண்டு அமெரிக்காவில் டெக்சாஸ் மாநில விஞ்ஞானிகள், 4 டன் பசலைக் கீரையை அரைத்து, வடித்து, அந்தச் சத்தை மிகச் சிறிதளவு எடுத்தார்கள். இலையில் கிடைத்ததால், இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லைக் கொண்டு, அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள்.

வண்டி வண்டியாகக் கீரையை அரைத்தால் உலகத்துக்கு எப்படி மருந்து கொடுப்பது? அதை ரசாயன முறையில் செய்யவேண்டும். சுப்பாராவின் தலைமையில் லெடர்லி விஞ்ஞானிகள் அதில் இறங்கினார்கள். 1945-ம் ஆண்டு வெற்றி கிடைத்தது. ஃபோலிக் அமிலம் ஆராய்ச்சிச் சாலையிலேயே தயாராயிற்று.

அந்த வெற்றியை அறிவித்த கட்டுரையில் 16 பேர்களின் பெயர்கள் இருந்தன. தலைவர் என்று சுப்பாராவ் தன் பெயரை முதலில் போட்டுக்கொள்ளவில்லை. கூட்டத்தோடு கூட்டமாக, நடுவில் இருந்தது அவர் பெயர்.

புதிய மருந்தை ஸ்புரூ நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். புண்ணாகிக் கிடந்த நாக்கு ஆறியது. பசி எடுத்தது. இரத்தம் ஊறியது. எழுந்து நடந்தார்கள்.

சகோதரர்களுக்குக் கிடைக்காத மருந்து, ஏறத்தாழ கால் நூற்றாண்டு கழித்துக் கிடைத்துவிட்டது!

தாயின் உடம்பில் ஃபோலிக் அமிலம் குறைந்தால், வயிற்றில் உள்ள குழந்தையின் முதுகுத்தண்டும் மூளையும் சரியாக உருவாகாமல் போகலாம். அதை முன்கூட்டியே கொடுத்தால் பெரும்பாலும் தடுத்துவிடலாம் என்பது, 1991-ம் ஆண்டு வெளியான பெரிய ஆராய்ச்சி ஒன்றில் உறுதியாயிற்று. பிறக்கும் முன்பே குழந்தையைக் காக்கும் மருந்தாக அது ஆகிவிட்டது.

யானைக்காலுக்கு மாத்திரை

இரண்டாவது உலகப் போரின்போது, பசிபிக் தீவுகளுக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்கள் யானைக்கால் நோய்க் கிருமியுடன் திரும்பினார்கள். சுப்பாராவின் ஆராய்ச்சிச் சாலை அதற்கும் மருந்து தேடியது. 1947-ம் ஆண்டு அது வெளியாயிற்று. ஹெட்ரசான் என்பது அதன் வியாபாரப் பெயர். டி.இ.சி. என்று டாக்டர்கள் சுருக்கமாகச் சொல்வார்கள்.

யானைக்கால் நோயை உண்டாக்குவது நூல் போன்ற ஒரு புழு. அதன் குஞ்சுகள் பெரும்பாலும் இரவு நேரத்தில்தான் இரத்தத்தில் நடமாடும். அதனால்தான், சுகாதார ஊழியர்கள் ராத்திரியில் வந்து, தூங்குகிறவர்களை எழுப்பி, விரலில் குத்தி இரத்தம் எடுத்துப் போவார்கள். ஒருவரைக் கடித்த கொசு மற்றொருவரைக் கடிக்கும்போது நோய் பரவுகிறது.

டி.இ.சி. மாத்திரை, இரத்தத்தில் உள்ள குஞ்சுகளை ஒழிக்கிறது. ஏற்கனவே பருத்துவிட்ட காலை அது பழையபடி ஆக்குவது இல்லை. ஆனால் நோய் அடுத்தவருக்குப் பரவாமல் தடுக்கிறது.

புதுச்சேரியில் 1975-ம் ஆண்டு தொடங்கப்பட்ட மத்திய அரசு கொசு ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகள், 1990-களில் விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்கள் சிலவற்றில் ஆண்டுதோறும் இந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். கொசுக்கள் மூலம் நோய் பரவுவது வெகுவாகக் குறைந்தது. தமிழ்நாட்டில் யானைக்கால் நோய் இருந்த மாவட்டங்களில் வீடு வீடாகக் கொடுக்கப்பட்டதும் இதே மருந்துதான்.

நெல்லும் பதரும்

இனி, புற்று நோய்க் கதைக்கு வருவோம்.

நம் உடம்பில் புதிய அணுக்கள் உண்டாக ஃபோலிக் அமிலம் தேவை. இரத்த அணுக்கள் நாள்தோறும் புதிது புதிதாகப் பிறப்பதால், இரத்தத்துக்கு அது மிகவும் தேவை.

இரத்தப் புற்று நோயில், வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும். அந்தக் கெட்ட அணுக்களும் ஃபோலிக் அமிலத்தைத் தின்றுதான் பெருகுகின்றன!

பாஸ்டன் நகரக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சிட்னி பார்பர் என்ற டாக்டர் இருந்தார். இரத்தப் புற்று நோய் கண்ட குழந்தைகளுக்கு, ஃபோலிக் அமில வகை மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். நோய் குறையவில்லை. முன்னிலும் வேகமாக வளர்ந்தது.

அந்தத் தோல்வியிலேயே ஓர் உண்மை மறைந்திருந்தது. இந்தச் சத்தைக் கொடுத்தால் நோய் வளருகிறது. அப்படியானால், இந்தச் சத்து கிடைக்காமல் செய்துவிட்டால்?

உதவி செய்யக்கூடியவர் சுப்பாராவ்தான் என்பது பார்பருக்குத் தெரியும். அவரை நாடினார்.

சுப்பாராவின் ஆராய்ச்சிச் சாலையில், ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோன்றும் பொருள்களைத் தயாரித்தார்கள். ஒன்றிரண்டு இடங்களில் மட்டும் சிறு மாறுதல். பார்வைக்கு நெல் போல் இருக்கும். உள்ளே அரிசி இராது. களத்தில் கிடக்கும் பதரைப் போல!

புற்று நோய் அணு இந்தப் பதரை நெல் என்று எண்ணி வாங்கிக்கொள்ளும். உள்ளே போனதும் அது வழியை அடைத்துக்கொள்ளும். உண்மையான சத்துக்கு வேலை இல்லாமல் போகும். அணு பெருக முடியாமல் பட்டினி கிடந்து சாகும்.

நல்ல அணுக்களையும் அது ஓரளவு தாக்கத்தான் செய்யும். ஆகவே அளவு தெரிந்து கொடுக்கவேண்டும். கத்தி மேல் நடப்பது போன்ற வேலை அது.

அந்தப் பொருள்களில் ஒன்று அமினோப்டெரின். அதற்குத் தம்பி போல, அடுத்து வந்தது மெத்தோடிரெக்சேட்.

பத்துக் குழந்தைகள்

அந்த நாளில் குழந்தைக்கு இரத்தப் புற்று நோய் என்றால், சில வாரங்களில், அல்லது சில மாதங்களில் சாவு நிச்சயம். டாக்டர்கள் பெற்றோரைத் தேற்றுவதைத் தவிர வேறு ஒன்றும் செய்ய முடியாது.

1947-ம் ஆண்டு இறுதியில் பார்பர், அமினோப்டெரின் மருந்தைக் குழந்தைகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார்.

1948-ம் ஆண்டு ஜூன் மாதம் முடிவு வெளியாயிற்று. கடுமையாக நோயுற்றிருந்த 16 குழந்தைகளுக்கு மருந்து கொடுக்கப்பட்டது. அவர்களில் 10 பேருக்கு நோய் தணிந்தது. படுக்கையில் கிடந்த குழந்தைகள் எழுந்து உட்கார்ந்தன. சாப்பாடு கேட்டன. விளையாடின.

அது நிரந்தரமான குணம் அல்ல. சில காலம் கழித்து நோய் திரும்பி வந்தது. ஆனாலும், மருந்தினால் இரத்தப் புற்று நோயைப் பின்வாங்கச் செய்ய முடியும் என்பது உலகத்துக்குத் தெரிந்துவிட்டது. அதுவரை யாரும் திறக்காத கதவு திறந்தது.

அந்தக் கட்டுரையை எழுதிய டாக்டர்களின் வரிசையில் சுப்பாராவின் பெயர் இல்லை.

கடைசி ஆண்டு

1948-ம் ஆண்டு அவருக்கு வெற்றி மேல் வெற்றி கிடைத்த ஆண்டு.

கல்லூரியில் இருந்து ஓய்வு பெற்ற தாவர நிபுணர் பெஞ்சமின் டகர் என்பவர், 70 வயதைக் கடந்த நிலையில் லெடர்லி கம்பெனியில் வேலை செய்தார். பல ஊர் மண்ணைக் கொண்டுவரச் செய்து, அதில் உள்ள நுண்ணுயிர்களைச் சோதித்தார். மிசவுரி மாநிலத்து வயல் மண் ஒன்றில் இருந்து ஆரியோமைசின் என்ற மருந்து கிடைத்தது. பல வகைக் கிருமிகளைக் கொல்லும் டெட்ராசைக்ளின் வகை மருந்துகளில் அதுதான் முதலாவது. 1948-ம் ஆண்டு ஜூலை மாதம் அது உலகுக்கு அறிவிக்கப்பட்டது.

1994-ம் ஆண்டு குஜராத் மாநிலம் சூரத் நகரில் பிளேக் பரவியதாக மக்கள் அலறியபோது, மருந்துக் கடைகளில் அவர்கள் முண்டியடித்துக் கேட்டது டெட்ராசைக்ளின்தான்.

ஜூலையில் இந்த வெற்றி. ஆகஸ்டு மாதம் 8-ந் தேதி சுப்பாராவ் மாரடைப்பால் காலமானார். அப்போது அவருக்கு வயது 53.

இந்தியா சுதந்திரம் பெற்று ஓர் ஆண்டு நிறைய இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. எந்தச் சுதந்திரத்துக்காகக் கதர் உடுத்திப் பட்டத்தை இழந்தாரோ, அந்தச் சுதந்திர நாட்டை அவர் கண்ணால் காணவில்லை. கணவரை வழியனுப்பி வைத்த சேஷகிரியும் அவரை மறுபடி பார்க்கவில்லை. மனைவியைப் பிரிந்து, ஊரைப் பிரிந்து, கால் நூற்றாண்டு உழைத்தார். அவர் செய்த மருந்துகள் ஊர் திரும்பின, அவர் திரும்பவில்லை.

அவர் போட்ட விதை

சுப்பாராவ் மறைந்த பிறகும் அவர் தொடங்கிய வேலை வளர்ந்தது.

கர்ப்ப காலத்தில் உண்டாகும் நச்சுக்கொடியின் திசுவில் இருந்து, சில பெண்களுக்கு ஒரு வகைப் புற்று நோய் வளருவது உண்டு. 1956-ம் ஆண்டு அமெரிக்காவில் மின் சியூ லீ, ராய் ஹெர்ட்ஸ் என்ற டாக்டர்கள், மெத்தோடிரெக்சேட் கொடுத்து அந்த நோயை மறையச் செய்ததை வெளியிட்டார்கள். கட்டியாக வளரும் புற்று நோய் ஒன்று மருந்தினாலேயே குணமானது அதுவே முதல் தடவை.

இரத்தப் புற்று நோய்க்குப் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை பிறகு வந்தது. நல்ல மருத்துவ வசதி உள்ள நாடுகளில், குழந்தைகளுக்கு அதிகமாக வரும் வகை இரத்தப் புற்று நோயில், பத்துக் குழந்தைகளில் ஒன்பது பிழைக்கின்றன. அந்த மருந்துகளின் வரிசையில் மெத்தோடிரெக்சேட்டுக்கு இன்றும் இடம் இருக்கிறது. மூட்டு வாதத்துக்கும், சோரியாசிஸ் என்ற தோல் நோய்க்கும் கூட அதைச் சிறு அளவில் கொடுக்கிறார்கள்.

போலிச் சத்தைக் கொடுத்துப் புற்று நோயைப் பட்டினி போடும் யோசனை, வேறு புற்று நோய்களுக்கும் பரவியது. 1957-ம் ஆண்டு புளோரோயுராசில் என்ற மருந்து வந்தது. புதிய அணுவைக் கட்டுவதற்கு வேண்டிய செங்கல் ஒன்றைப் போலவே அது தோன்றும்.

வயிற்றில், இரைப்பைக்குப் பின்னால் கணையம் என்ற உறுப்பு இருக்கிறது. அதில் தோன்றும் புற்று நோய் மிகக் கொடியது. பெரும்பாலும் முற்றிய பிறகுதான் தெரியவரும். அதற்குக் கொடுக்கப்படும் ஜெம்சிடபின் என்ற மருந்து, அமெரிக்காவில் 1996-ம் ஆண்டு அனுமதி பெற்றது. அதுவும் போலிச் செங்கல் வகையைச் சேர்ந்ததுதான். கணையப் புற்று நோயை முழுதும் வெல்ல இன்னும் வழி கிடைக்கவில்லை. ஆனால் நோயாளியின் வாழ்நாளை நீட்டிக்கும் இந்த மருந்துகளுக்கு வழி காட்டியது, பாஸ்டனில் அந்தக் குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்ட மருந்துதான்.

1995-ம் ஆண்டு, சுப்பாராவ் பிறந்து நூறு ஆண்டு நிறைந்தபோது, இந்திய அரசு அவர் உருவம் பொறித்த தபால் தலையை வெளியிட்டது.

எந்த நாடும் அவசியம் கைவசம் வைத்திருக்கவேண்டிய மருந்துகள் என்று உலக சுகாதார நிறுவனம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. ஃபோலிக் அமிலம், டி.இ.சி., மெத்தோடிரெக்சேட் மூன்றும் அதில் இருக்கின்றன.

இரண்டு தடவை பள்ளித் தேர்வில் தோற்ற பையனை, மூன்றாவது தடவையும் எழுத வைத்தார் ஒரு தாய். இன்று வானூர்ப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண், இரவு சாப்பாடு முடிந்து, சிவப்பு மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கிறாள். அந்த மாத்திரைக்குள் வெங்கம்மாவின் பிடிவாதமும் இருக்கிறது.